மறுபடியும் வந்தியத்தேவன்: சரித்திரக் கதையும் குடும்ப நாவலும் படிப்பவர்கள்

வரலாற்று நாவல்களை விடாமல் படிக்கும் ஒருவரிடம் "இப்போது என்ன வாசிக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் பெரும்பாலும் "மறுபடியும்" என்றுதான் தொடங்கும். மறுபடியும் பொன்னியின் செல்வன், மறுபடியும் கடல் புறா. குடும்ப நாவல் வாசகியிடம் கேட்டாலும் கிட்டத்தட்ட இதேதான். ரமணிசந்திரனில் ஏதோ ஒன்று, முன்பே படித்ததுதான், ஆனாலும் கையில் எடுத்துவிட்டார். புதிதாக வந்த நாவலைச் சொல்பவர்களும் உண்டு. ஆனால் அது எப்படி இருக்கிறது என்று கேட்டால், பழைய ஒன்றோடு உரசிப் பார்த்துத்தான் விடை சொல்வார்கள்.

இந்த மறுவாசிப்பை ரசனைத் தேக்கம் என்று தள்ளிவிடலாம். விமரிசகர்கள் பலர் அப்படித்தான் தள்ளினார்கள். ஆனால் எண்பது ஆண்டுகளாக மூன்று தலைமுறை ஒரு பழக்கத்தைக் கைவிடவில்லை என்றால், அதற்குள் ஏதோ ஒரு நியாயம் இருக்க வேண்டும். அந்த நியாயத்தைத் தேடுவதே இக்கட்டுரை. தேடிப் போனால் இன்னொன்றும் தட்டுப்படுகிறது. சரித்திரக் கதை படிப்பவர் ஒரு கூட்டம், காதல் கதை படிப்பவர் வேறு கூட்டம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். பிரித்து வைத்தது நாம் கொடுத்த மரியாதையில் இருந்த ஏற்றத்தாழ்வு.

ஒரே பேனா

தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று சொல்லப்படுவது, திருகோணமலைக்காரரான தி. த. சரவணமுத்துப் பிள்ளை 1895இல் வெளியிட்ட 'மோகனாங்கி'. நாயக்கர் காலத்துக் கதை. ஆனால் தலைப்பில் இருப்பது அரசனின் பெயரோ போரின் பெயரோ அன்று, கதாநாயகியின் பெயர். பிறக்கும்போதே தமிழ் வரலாற்று நாவல் காதல் கதையாகத்தான் பிறந்தது.

கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தியிடம் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஆனந்த விகடனில் இருந்தபோது 'கள்வனின் காதலி' எழுதிய அதே கை, 1941இல் 'கல்கி' என்ற சொந்தப் பத்திரிகையைத் தொடங்கியதும் 'பார்த்திபன் கனவு' எழுதியது. அடுத்து வந்த 'சிவகாமியின் சபதம்' வாதாபிப் படையெடுப்பின் கதை என்றாலும், வாசகர் மனத்தில் நிற்பது நரசிம்ம பல்லவனும் சிவகாமியும் சேராமல் போன துயரம்.

அடுத்த தலைமுறையிலும் இதே வழக்கம். நா. பார்த்தசாரதி 'மணிபல்லவ'மும் 'பாண்டிமாதேவி'யும் எழுதினார். அவர்தான் 'குறிஞ்சி மலர்' எழுதியவரும். அந்த நாவலைப் படித்த பெற்றோர் பிள்ளைகளுக்கு அரவிந்தன், பூரணி என்று பெயர் வைத்தது தமிழ் வாசிப்பு வரலாற்றில் அடிக்கடி சொல்லப்படும் செய்தி. 'பாவை விளக்கு' எழுதிய அகிலனுக்கு 1963இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது, ராஜேந்திர சோழனைப் பற்றிய 'வேங்கையின் மைந்த'னுக்காக. 'மெர்க்குரிப் பூக்கள்' எழுதி ஆண் பெண் உறவைத் துருவிய பாலகுமாரன்தான் பிற்காலத்தில் பெரிய கோயில் கட்டிய கதையை 'உடையார்' என்று ஆறு பாகங்களில் எழுதினார்.

எல்லோரையும்விட வேடிக்கையான சான்று ஸ்ரீ வேணுகோபாலன். அரங்கன் திருமேனி படையெடுப்புக்குத் தப்பி ஊர் ஊராக அலைந்த வரலாற்றை 'திருவரங்கன் உலா'வாக எழுதிய பக்திமான் அவர். அவரே புஷ்பா தங்கதுரை என்ற பெயரில் 'ஒரு ஊதாப்பூ கண் சிமிட்டுகிறது' எழுதியவர். பூஜை அறைக்கு அருகே வைத்துப் படித்த புத்தகமும் தலையணைக்கு அடியில் ஒளித்துப் படித்த புத்தகமும் ஒரே மேசையில் எழுதப்பட்டவை. பெயர் மட்டும் இரண்டு தேவைப்பட்டது. வாசகரிடம் இருந்த இரண்டு அலமாரிகளுக்காக எழுத்தாளர் தன் பெயரை இரண்டாக்கிக்கொண்டார்.

பைண்டு

இந்தக் கதைகளில் பெரும்பாலானவை முதலில் புத்தகமாக வரவில்லை, தொடர்கதையாக வந்தன. பொன்னியின் செல்வன் 'கல்கி' இதழில் 1950 அக்டோபர் 29 முதல் 1954 மே 16 வரை ஓடியது. ஐந்து பாகங்களில் 293 அத்தியாயங்கள். மூன்றரை ஆண்டுகள் ஒரு வீடு முழுக்க ஒரு பிரதிக்காகக் காத்திருந்தது. அப்பா முதலில், அக்கா அடுத்து, கடைசியில் பாட்டிக்கு யாராவது உரக்கப் படித்துக் காட்ட வேண்டும்.

தொடர் முடிந்ததும் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, தைத்து, அட்டை போட்டுக் கட்டுவார்கள். அதற்குப் பெயர் பைண்டு. பழைய வீட்டுப் பரண்களில் இன்றும் அகப்படும் இந்தப் பைண்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது புத்தகத்தில் கிடைக்காத வேறொரு வாசிப்பு. அத்தியாயம் முடியும் பக்கத்தின் பின்புறம் யாரோ எழுதிய சமையல் குறிப்பின் பாதி இருக்கும். வந்தியத்தேவன் சுரங்க வழியில் சிக்கியிருக்கும்போது ஓரத்தில் தலைவலித் தைல விளம்பரம். ஓவியர் மணியம் வரைந்த குந்தவையின் முகத்தில் யாரோ ஒரு குழந்தை பேனாவால் பொட்டு வைத்திருக்கும். முதல் தாளில் கட்டியவரின் பெயரும் தேதியும் இருக்கும். அதற்குக் கீழே வேறு மையில், வேறு கையெழுத்தில் இன்னொரு தேதி. சில பைண்டுகளில் மூன்றாவது தேதிகூட. ஒவ்வொரு தேதியும் ஒரு மறுவாசிப்பு. தமிழ் வாசகர் தன் ரசனைக்கு எழுதி வைத்த ஆவணம் அது.

கதையின் ஆசிரியரும் இந்தக் காத்திருப்பை அறிந்து எழுதினார். பொன்னியின் செல்வனின் தொடக்கத்தையே பாருங்கள். ஆடிப் பதினெட்டாம் பெருக்கு. வீரநாராயண ஏரிக்கரை, இன்றைய வீராணம். குதிரையில் ஓர் இளைஞன், வந்தியத்தேவன். அவசரச் செய்தி கொண்டு போகிறவன் அவன். ஆனால் கல்கி அவனை விரைய விடுவதில்லை. ஏரியின் மதகுகளையும், புதுவெள்ளத்தையும், கூட்டாஞ்சோறு கட்டிக்கொண்டு வந்திருக்கும் பெண்களையும் காட்டி நிறுத்துகிறார். அரசியல் சதி எல்லாம் இரவில் கடம்பூர் மாளிகைக்குப் போன பிறகுதான். இந்தத் தாமதம் கதையில் விழுந்த தொய்வு என்று யாரும் நினைப்பதில்லை. அந்தத் தாமதத்துக்காகத்தான் மறுபடியும் எடுக்கிறார்கள்.

கல்வெட்டில் இல்லாத இடம்

மறுவாசிப்புக்கு இன்னொரு காரணம், கல்கி சரித்திரத்தைக் கையாண்ட விதம். காட்டுமன்னார்கோயிலுக்கு அருகில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அவனுடைய அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோரின் பெயரைச் சொல்கிறது. அவர்களுடைய, அவர்கள் உறவினர்களுடைய நிலங்களை என்ன செய்வது என்பதே அந்தக் கல்வெட்டின் கவலை. கொலை எங்கே நடந்தது, ஏன் நடந்தது, யார் தூண்டினார்கள் என்று ஒரு சொல் இல்லை. பத்திரப் பதிவு அலுவலகத்துக் காகிதத்தில் ஒரு கொலை வழக்கின் வால் மட்டும் தெரிவதுபோல.

இந்த மௌனத்தை வரலாற்று ஆசிரியர்கள் இருவிதமாக நிரப்பினார்கள். உத்தம சோழனுக்குக் கொலையில் தொடர்பு இருக்கலாம் என்று கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி ஐயுற்றார். தி. வை. சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்தார். உத்தம சோழன் குற்றவாளி என்றால், கொலை நடந்தபின் ஏறத்தாழ 15 ஆண்டுகள் அவன் ஆண்டதும், 985இல்தான் ராஜராஜன் அரியணை ஏறியதும் பெரிய முடிச்சு. திருவாலங்காட்டுச் செப்பேடு ஒரு குறிப்புத் தருகிறது: சிற்றப்பனான உத்தம சோழனுக்கு ஆட்சியில் ஆசை இருக்கும்வரை, பின்னாளில் ராஜராஜனான அருள்மொழி அதை மனத்தாலும் விரும்பவில்லை. புகழ்ச்சியாக எழுதப்பட்ட அந்த ஒரு வரியில் கல்கி ஐந்தாம் பாகத்தையே கண்டுவிட்டார். அதன் தலைப்பு 'தியாக சிகரம்'.

கொலைக்கான காரணத்தை மட்டும் எந்த ஆவணமும் தராததால், அந்த வெற்றிடத்தில் ஒரு பெண்ணை நிறுத்தினார். நந்தினி எந்தக் கல்வெட்டிலும் இல்லை. பூங்குழலியும் ஆழ்வார்க்கடியானும் இல்லை. ஆனால் வந்தியத்தேவன் இருக்கிறான். ராஜராஜனின் அக்கா குந்தவையின் கணவராக வல்லவரையர் வந்தியத்தேவரைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு சொல்கிறது. முழுப் பொய்யும் இல்லை, முழு மெய்யும் இல்லை. கல்வெட்டு விட்ட இடத்தில் காதலும் பழியும் வந்து உட்கார்ந்துகொண்டன. கொலையாளி யார் என்பதைக் கல்கி கடைசிவரை முடிந்த முடிபாகச் சொல்லவும் இல்லை. அதனால்தான் ஒவ்வொரு வாசிப்பிலும் வாசகர் சந்தேகப்படும் ஆள் மாறுகிறார். பதினைந்து வயதில் நந்தினியை வெறுத்தவர் நாற்பது வயதில் அவளுக்காக வருந்துகிறார். புத்தகம் அதேதான், நீதிபதி மாறிவிட்டார்.

குமுதத்தின் கடல்

சாண்டில்யனைப் படிப்பவர்கள் கொஞ்சம் வேறு மாதிரி. சுதேசமித்திரனில் பத்திரிகையாளராக இருந்தவர், குமுதத்தில் தொடர்கதை எழுதத் தொடங்கியபின் ஒரு தனிச் சந்தையையே உண்டாக்கினார். 'யவன ராணி' இரண்டு பாகம், 'கடல் புறா' மூன்று பாகம், 'ஜல தீபம்' மூன்று பாகம். கலிங்கத்துப் பரணி பாடும் கருணாகரத் தொண்டைமானை எடுத்து, பரணி தொடங்குவதற்கு முந்தைய காலத்தில் கடலில் இறக்கிவிட்டதுதான் கடல் புறா. ஜல தீபத்தில் தமிழ் வாசகருக்குச் சற்றும் பழக்கமில்லாத மராட்டியக் கடற்படைத் தலைவர் கனோஜி ஆங்கரேயைக் கொண்டுவந்தார். சோழன், பல்லவன், பாண்டியன் என்று மட்டும் சுற்றாமல் ராஜபுதனத்துக்கும் கொங்கணக் கரைக்கும் போனவர் அவர்.

அவருடைய கதைகளுக்கு ஒரு வார்ப்பு உண்டு. வாளும் மதியூகமும் உள்ள நாயகன். அவனுக்கு இரண்டு பெண்கள். யவன ராணிக்கு எதிரே பூவழகி, காஞ்சனாதேவிக்கு எதிரே மஞ்சளழகி. கடற்போர் நுட்பங்களைப் பக்கம் பக்கமாகச் சொல்லி வந்தவர், திடீரென்று நாயகி நின்ற கோலத்துக்கு அதே அளவு பக்கம் ஒதுக்குவார். "வர்ணனையைத் தாண்டிப் படித்தேன்" என்பவர்களும் உண்டு, "வர்ணனைக்காகவே படித்தேன்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்பவர்களும் உண்டு. ஆனால் அவரை யாரும் காதல் நாவலாசிரியர் என்று சொல்வதில்லை, சரித்திர நாவலாசிரியர் என்றுதான் சொல்கிறார்கள். வாள் ஒன்று இடுப்பில் இருந்தால் காதலுக்குக் கௌரவம் வந்துவிடுகிறது.

வாடகைக்குக் காதல்

வாள் இல்லாத காதல் கதைக்கு வருவோம். அதன் வேரில் பெண்கள் நிற்கிறார்கள். வை. மு. கோதைநாயகி 'ஜகன்மோகினி' இதழை நடத்திக்கொண்டே 115 நாவல்கள் எழுதினார். மருத்துவரான லட்சுமி, குடும்பத்துக்குள் பெண்ணின் தன்மானத்தை எழுதி 1984இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். அனுத்தமா, சிவசங்கரி, இந்துமதி, அனுராதா ரமணன் என்று அந்த வரிசை நீண்டது. இவர்கள் எல்லாம் வார இதழ்களில் ஆண் எழுத்தாளர்களுக்குப் பக்கத்திலேயே எழுதியவர்கள்.

பிறகு மாத நாவல் வந்தது. 'ராணி முத்து', 'மாலைமதி', 'கண்மணி' என்று பெட்டிக் கடையில் கயிற்றில் தொங்கிய மெல்லிய புத்தகங்கள். பேருந்து ஏறும்முன் வாங்கி, இறங்கும்முன் முடிக்கலாம். இந்தச் சந்தையில்தான் ரமணிசந்திரன் அரசியாக உட்கார்ந்தார். 1938இல் பிறந்த அவர் எழுதிய நாவல்கள் நூற்றைம்பதைத் தாண்டும். 'மயங்குகிறாள் ஒரு மாது', 'வெண்மையில் எத்தனை நிறங்கள்', 'அடிவாழை' என்று தலைப்பைச் சொன்னால் கதையைச் சொல்லும் வாசகிகள் இருக்கிறார்கள். அவர் வழியில் வந்த முத்துலட்சுமி ராகவன் போன்றவர்கள் அதே வாசகர் வட்டத்தை இன்னும் பெரிதாக வளர்த்தார்கள்.

இந்த நாவல்கள் வீட்டுக்கு வந்த வழி பெரும்பாலும் லெண்டிங் லைப்ரரி. சென்னையில் 1955இல் தொடங்கிய ஈஸ்வரி லெண்டிங் லைப்ரரி பெயர் பெற்றது. அதைப்போலப் பெயர் தெரியாத நூற்றுக்கணக்கான சிறு கடைகள் ஊருக்கு ஊர் இருந்தன. முன்பணம் கட்ட வேண்டும், புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை, ஒரு நீள நோட்டில் பெயரும் எண்ணும். காக்கி அட்டை போட்ட புத்தகத்தின் கடைசிப் பக்கம் வாசகிகளின் மன்றம். "சூப்பர்" என்று ஒருத்தி எழுதியிருப்பாள். "இவனை மன்னித்திருக்கக் கூடாது" என்று இன்னொருத்தி. அதற்குக் கீழே "நீங்களாக இருந்தால் தெரியும்" என்று மூன்றாவது கை. சில வாசகிகள் தங்கள் சந்தா எண்ணை முதல் பக்க மூலையில் சிறிதாகக் குறித்து வைப்பார்கள், படித்ததையே மறுபடி எடுத்துவிடாமல் இருக்க. ஆனால் எண்ணைப் பார்த்தும் எடுத்துப் போவதுதான் வழக்கம்.

எடுக்கும் முன் கடைசி இரண்டு பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. சேர்கிறார்களா என்று உறுதி செய்துகொண்டால்தான் வாடகை. இதைக் கேலி செய்வார்கள். 1984இல் ஜேனிஸ் ராட்வே அமெரிக்காவின் ஒரு சிற்றூரில், ஒரு புத்தகக் கடைப் பெண்ணின் பரிந்துரையை நம்பிப் படித்த காதல் நாவல் வாசகிகளை ஆராய்ந்து நூலாக்கினார். அங்கும் முடிவை முதலில் பார்த்துவிட்டு வாங்குபவர்கள் இருந்தார்கள். அவர்கள் அவரிடம் சொன்ன முக்கியமான செய்தி, கதையைப் பற்றியதே இல்லை. கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் என்று போகும் நாளில், புத்தகத்தை விரித்து உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டுமே தனக்கென்று இருக்கும் நேரம் என்பதுதான் அது. பகல் சமையல் முடித்து, பள்ளிக்கூடம் விடுவதற்குள் கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில் படித்த நம் ஊர் வாசகிக்கு இதை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

தெரிந்த முடிவு

முடிவு தெரிந்த கதையை ஏன் படிக்க வேண்டும்? இந்தக் கேள்வி புதிதாக நாவல் படிக்க வந்தவர்களுக்குத் தோன்றும். தமிழ்க் கலைகளோடு பழகியவர்களுக்குத் தோன்றாது. திரௌபதியம்மன் கோயிலில் பாரதக் கூத்து பார்க்கப் போகிறவர்களில் துரியோதனன் சாவானா மாட்டானா என்று சந்தேகப்பட்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பவர் ஒருவரும் இல்லை. தெரிந்த முடிவுக்கு எந்த வழியில் போகிறார்கள் என்பதைப் பார்க்கத்தான் பாயைச் சுருட்டிக்கொண்டு போகிறார்கள். ராஜராஜன் அரசனாவான், பெரிய கோயில் கட்டுவான் என்பது பொன்னியின் செல்வன் படிக்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். ரமணிசந்திரனின் நாயகனும் நாயகியும் சேர்வார்கள் என்பதும் அப்படியே. இரண்டிலும் சுவை, அந்த முடிவை எவ்வளவு அழகாகத் தள்ளிப் போடுகிறார் என்பதில் இருக்கிறது.

இன்னும் பின்னால் போனால், அகத்திணை மரபில் இதற்கு இலக்கணமே இருக்கிறது. தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சொல்லக் கூடாது. புணர்தல், இருத்தல், ஊடல், இரங்கல், பிரிதல் என்று நிலைகள் முன்கூட்டியே வகுக்கப்பட்டவை. கவிஞரின் திறமை புதிய நிலையைக் கண்டுபிடிப்பதில் இல்லை, அதே நிலையை மறுபடியும் புதிதாகச் சொல்வதில் இருந்தது. குடும்ப நாவலைக் கூர்ந்து பார்த்தால் அதன் உயிர் ஊடலில் இருக்கிறது. பல கதைகளில் கல்யாணம் முதலில் நடந்துவிடும். தப்பெண்ணம், தன்மானம், பேசாத நாட்கள், பிறகு தெளிவு. வரலாற்று நாவலின் உயிர் பிரிவில் இருக்கிறது. அவன் கடல் கடந்து போக வேண்டும், அவள் மாடத்தில் நிற்க வேண்டும். புறத்தை மேடையாகப் போட்டு அகத்தை ஆடவிட்டது சரித்திரக் கதை. மேடையை அகற்றிவிட்டு அகத்தை மட்டும் நடுக்கூடத்தில் ஆடவிட்டது குடும்ப நாவல்.

இரண்டுக்கும் கிடைத்த மதிப்பு மட்டும் ஒன்றாக இல்லை. க. கைலாசபதி போன்ற விமரிசகர்களுக்கும் க. நா. சுப்ரமண்யம் போன்றவர்களுக்கும் கல்கி மரபு மீது கடும் விமரிசனம் இருந்தது. ஜெயமோகன் இவ்வகை நாவல்களை வரலாற்று மிகுகற்பனை என்று பிரித்து, தீவிர நாவலிலிருந்து தள்ளி வைத்தாலும், அந்த வகைக்குள் தரம் பார்த்து வரிசைப்படுத்தினார். அதாவது, வாளுள்ள காதலோடு சண்டை போடவாவது ஆள் இருந்தார்கள். வாளில்லாத காதலைப் பெரும்பாலும் யாரும் திட்டக்கூட எடுத்துப் படிக்கவில்லை. 2008இல் சென்னையில் பிளாஃப்ட் பதிப்பகம் தமிழ் வெகுஜனக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்தபோது அதில் ரமணிசந்திரனுக்கு இடம் கிடைத்தது. தமிழில் அவரைப் பற்றிய கணக்கான ஆய்வைத் தேடினால் கை வெறுமையாகத்தான் திரும்புகிறது. ஆ. இரா. வேங்கடாசலபதி 'நாவலும் வாசிப்பும்' நூலில் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் காலத்து வாசகர்களைத் தேடி எடுத்ததுபோல, லெண்டிங் லைப்ரரி வாசகியைத் தேடி எடுத்த நூல் இனிமேல்தான் வர வேண்டும்.

சாண்டில்யனைக் கெட்டி அட்டையில் வாங்கி முன்னறை அலமாரியில் வைத்தார்கள். ரமணிசந்திரனை வாடகைக்கு எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தார்கள். முன்னறை ஆண்களுடையது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது

இனி, இன்றைக்கு என்ன படிக்கிறார்கள் என்ற கேள்விக்கு வரலாம். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனபின் பொன்னியின் செல்வனை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றாகிவிட்டது. மலிவுப் பதிப்பு, ஓவியப் பதிப்பு, சிறுவர் சுருக்கம், படக்கதை, பாம்பே கண்ணனின் ஒலி நாடகம் என்று அது பெருகியது. சாண்டில்யன் நூல்களுக்கு அப்படி நேரவில்லை. இன்றும் வானதி பதிப்பகத்தின் பருத்த பாகங்களாகவே ஜனவரி மாதச் சென்னைப் புத்தகக் காட்சியில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். 2022 செப்டம்பர் 30 அன்று மணிரத்னத்தின் பொன்னியின் செல்வன் முதல் பாகம் வெளிவந்தது, 2023 ஏப்ரலில் இரண்டாம் பாகம். நாவலைத் திரையிலேயே முதலில் பார்த்த இளைஞர்கள் பிறகு புத்தகம் வாங்கினார்கள். முன்பே படித்தவர்கள் திரையரங்கிலிருந்து வெளியே வந்து, மணிமேகலை எங்கே என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் மறுபடியும் ஐந்து பாகத்தையும் எடுத்தார்கள்.

கல்கியின் நிழலுக்கு வெளியே எழுந்த பெரிய நாவல் சு. வெங்கடேசனின் 'வேள்பாரி'. 'காவல் கோட்ட'த்துக்கு 2011இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர், ஆனந்த விகடனில் இதை நூறு வாரங்களுக்கு மேல் தொடராக எழுதினார். மணியத்தின் மகன் மணியம் செல்வன் படம் வரைந்தார். பாரியின் கதை எங்கே போய் முடியும் என்பதைப் பள்ளிப் பாடத்திலேயே படித்தவர்கள், அதைத் தெரிந்துகொண்டே வாரா வாரம் காத்திருந்தார்கள். ஒரு லட்சம் பிரதிகள் விற்றதற்கு 2025இல் சென்னையில் விழாவே எடுத்தார்கள். மன்னனின் அரண்மனையை விட்டு மலையும் விலங்கும் மரமும் பேசும் சரித்திரக் கதைக்கு இவ்வளவு பேர் காத்திருந்தார்கள் என்பது கவனிக்கத் தக்கது.

இவற்றோடு, ஆதித்த கரிகாலன் கொலையை வேறு கோணத்தில் கிளறும் காலச்சக்கரம் நரசிம்மாவின் 'சங்கதாரா', கரிகாற் சோழன் காலத்தை எடுத்துக்கொண்ட சி. வெற்றிவேலின் 'வானவல்லி', கோகுல் சேஷாத்ரியின் 'ராஜகேசரி', திவாகரின் 'வம்சதாரா' ஆகியவை தொடர்ந்து படிக்கப்படுகின்றன. இவற்றில் பலவும் கல்கி விட்ட இடைவெளியில் நுழைந்தவை, அல்லது சாண்டில்யன் போட்ட கடல் வழியில் போகின்றவை. போர்க்களத்தை விட்டு ஊர்மக்களைப் பார்க்க விரும்புபவர்கள் பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' பக்கம் போகிறார்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலிருந்து எழுந்த புதுச்சேரி அது. அங்கே தாசியும் துபாஷியும் நெசவாளியும் பேசுகிறார்கள்.

காதல் கதையின் முகவரி மாறியதுதான் பெரிய மாற்றம். பிற்பகல் நேரத்தைத் தொலைக்காட்சித் தொடர் பிடித்துக்கொண்டது. லெண்டிங் லைப்ரரிகள் ஒவ்வொன்றாக மூடின. 2020இல் பெருந்தொற்று வந்தபோது 'கல்கி' இதழே அச்சை நிறுத்திக்கொண்டு மின்னிதழானது. அதே நேரத்தில் வாசகி கைபேசிக்கு இடம் பெயர்ந்துவிட்டாள். பிரதிலிபி போன்ற செயலிகளிலும் கிண்டிலிலும் பெண்கள் எழுதிப் பெண்கள் படிக்கும் நாவல்கள் கொட்டிக் கிடக்கின்றன. அத்தியாயம் அங்கே "எபி", புதிய அத்தியாயம் வெளிவருவது "யூடி". "அடுத்த யூடி எப்போ சிஸ்?" என்ற கேள்வியில், 1951இல் வெள்ளிக்கிழமையே கடைவாசலில் நின்று "கல்கி வந்துடுச்சா?" என்று கேட்ட அதே அவசரம் இருக்கிறது. புத்தகம் வந்து தொடர்கதையை அழித்துவிட்டது என்று நினைத்தோம். தொடர்கதையோ காத்திருப்பை மீட்டுக்கொண்டு வேறு வழியாகத் திரும்பி வந்துவிட்டது. காக்கி அட்டையின் கடைசிப் பக்கத்தில் இருந்த பெண்களின் மன்றம் ஒவ்வொரு எபியின் அடியிலும் கூடுகிறது.

கதைகளும் அப்படியே நிற்கவில்லை. ரமணிசந்திரனின் நாயகன் கண்ணியம் தவறாதவன். கைபேசி நாவலில் முரட்டு "ஆன்ட்டி ஹீரோ" ஒருவன் பெருகியிருக்கிறான். பெண்ணைக் கடத்தி, மிரட்டி, பிறகு காதலிப்பவன். அவனைக் கொண்டாடும் வாசகிகளும், அவனைக் கண்டால் புத்தகத்தை மூடிவிட்டுப் பழைய ரமணிசந்திரனுக்குத் திரும்பும் வாசகிகளும் இருக்கிறார்கள். மறுவாசிப்பு இங்கே ஒரு தீர்ப்பாகவும் ஆகிவிடுகிறது. புதியதை எல்லாம் படித்துப் பார்த்துத்தான் பழையதை மறுபடி எடுக்கிறார்கள்.

எண்பது ஆண்டுகளில் பத்திரிகை மாறியது, கடை மாறியது, எழுதுபவரும் கருவியும் மாறினார்கள். மாறாதது வாசகரின் காத்திருப்பும் திரும்பி வருவதும்தான். இதில் பாதி வரலாற்றுக்கு அலமாரியும் விருதும் கிடைத்தன. மறுபாதிக்கு, அதாவது பெண்கள் வாடகைக்கு எடுத்துப் படித்த பாதிக்கு, ஒழுங்கான பட்டியல்கூட இல்லை. கன்னிமாரா நூலகம் சட்டப்படி எல்லா நூல்களையும் பெறும் களஞ்சியம். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஒரு தனி மனிதரின் சேகரிப்பில் பிறந்தது. அவை போன்ற இடங்களில் மாத நாவல்களுக்கும் லெண்டிங் லைப்ரரி நோட்டுகளுக்கும் முறையான இடம் வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளில் ஓர் ஆய்வு மாணவராவது ரமணிசந்திரனின் வாசகிகளை நேரில் கண்டு பேச வேண்டும். அந்த வாசகிகளுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது.

வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இதைவிடச் சிறியது. பரணில் கிடக்கும் பைண்டை எடைக்குப் போடாதீர்கள். அடுத்த முறை மறுபடியும் ஒரு கதையை எடுக்கும்போது, அது பொன்னியின் செல்வனானாலும் 'அடிவாழை'யானாலும், முதல் தாளில் பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள்.